வந்துவிட்டுப் போனவள்

அந்த வருஷம் ஐப்பசி பிறந்த அன்று விடியற்காலையில், தோணியடி பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அம்சவேணி, மலைக்குச் சைக்கிளில் போவதற்கு முன்னாலேயே மலையிலிருந்து திரும்பி வந்தாள். தலையில் ஹெல்மெட்டும், முழங்கால் வரைக்கும் செம்மண்ணும், பின்சக்கரம் வாரியடித்த சேறு முதுகில் ஒரு கோடுமாக இறக்கத்தில் வந்து, சின்னராசு டீக்கடை முன்னால் இரண்டு பிரேக்கையும் பிடித்து, எங்களுக்கு வழக்கம்போல ஒரு தலையாட்டைக் கொடுத்துவிட்டுத் தன் தெருவுக்குள் திரும்பினாள். நாங்கள் பாதி டீ குடிப்பதற்குள் அதே தெருவிலிருந்து அதே அம்சவேணி, துவைத்த டீ ஷர்ட்டும் துடைத்த சைக்கிளுமாக வெளியே வந்து, "போயிட்டு வரேங்கண்ணா" என்று எங்களிடம் சொல்லிவிட்டு மலையைப் பார்த்து மிதித்தாள். சின்னராசு கையில் ஸ்பூனுடன் நின்றவர், இந்த டீக்குச் சர்க்கரை போட்டேனா இல்லையா என்று என்னிடம் கேட்டார். போடவில்லை என்றேன். போட்டார்.

ஆச்சரியப்படவில்லையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். பட்டோம், அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் பட்டோம். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, அவரவர் வீட்டில் ஒழுகுகிற இடத்துக்குப் பாத்திரம் வைக்க வேண்டியிருந்தது, சாக்கடை ரோட்டுக்கு ஏறியது, என் உரக்கடைக்குள் தண்ணீர் வந்து யூரியா மூட்டைகளைப் பலகைமேல் தூக்கிப் போட வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் எதற்கும் அரை நாளுக்குமேல் ஆச்சரியப்பட ஆகாது.

அம்சவேணி பந்தயக்காரி இல்லை. சர்க்கரை எல்லை தாண்டிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்கு, நடப்பது சலிப்பாக இருக்கிறது என்று, தம்பி துபாய்க்குப் போகும்போது அவள் வீட்டில் போட்டுவிட்டுப் போன கியர் சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தவள். முதல் மாதம் விழுந்தாள். இந்த வயசில் பேண்ட் போட்டுக்கொண்டு இது தேவையா என்று நாங்கள் பேசினோம். அடுத்த மாதம் முதல் வளைவு வரைக்கும் ஏறினாள், அதற்கடுத்த மாதம் பாதி மலை. புரட்டாசி முடிவதற்குள் உச்சியிலிருக்கிற வனத்துறை செக்போஸ்ட் வரைக்கும் ஏறி, அங்கே ஒரு கடலை மிட்டாயைக் கடித்துவிட்டு, கடை திறக்கும் நேரத்துக்குள் இறங்கிவிடுகிற ஆளாகிவிட்டாள். சேலத்துச் சைக்கிள்காரர்களின் குழு ஒன்றில் போன் வழியாகச் சேர்ந்துகொண்டு, ஒரு நாள் ஏற்றம், ஒரு நாள் ஓய்வு, ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூரம் என்று அவர்கள் எழுதிப் போட்டதை வேதம் மாதிரிக் கடைப்பிடித்தாள். கார்த்திகையில் அந்தக் குழு ஒரு பெரிய சவாரி வைத்திருந்தது. அவரவர் ஊரிலிருந்து அவரவர் பாதையில் முந்நூறு கிலோமீட்டர் போய் வந்து போனில் காட்டினால் மெடல் தபாலில் வரும். அந்த மெடலைக் கடையில் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் மாட்ட ஆணிகூட அடித்துவிட்டாள்.

அவள் புருஷன் பச்சமுத்து மலைக்குப் போகிற ஒரே தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு விசில் அடித்தால் நில், இரண்டு விசில் அடித்தால் போ, இதற்குமேல் அவர் உலகத்தோடு அதிகம் பேசுகிறவர் இல்லை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் அந்தப் பித்தளை விசிலைக் குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார் என்று வேணி கேலி செய்வாள். இருவருக்கும் பிள்ளை இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர், இப்போது நடுவில் ஒரு சைக்கிள்.

விஷயம் எப்படி நடந்தது என்று பச்சமுத்துதான் எங்களுக்கு விளங்க வைத்தார். வேணி உள்ளே ஷூ கட்டிக்கொண்டிருக்கும்போதே சேறும் வேர்வையுமாக இன்னொரு வேணி வாசலில் வந்து இறங்குவாள். இவள் அவளைப் பார்ப்பாள், அவள் இவளைப் பார்ப்பாள், பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி இருவரும் ஒதுங்கிக்கொள்வார்கள். போகிறவள் போய்விடுவாள். வந்தவள் குளித்து, சாப்பிட்டு, கடை திறப்பாள். மறுநாள் போகிறவள் அவளேதான். ஆகவே எந்த நேரத்திலும் ஒரு வேணி குறையவும் இல்லை, கணக்குப் பார்த்தால் ஒரு வேணி கூடவும் இல்லை, நடுவில் கொஞ்ச நேரம் மட்டும் இரண்டு பேர். பச்சமுத்து வந்தவளுக்கு வெந்நீர் வைத்தார், போகிறவளுக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்பினார். இரண்டு வேலையும் ஒரே அடுப்படியில்தானே, சிரமம் இல்லை என்றார்.

ஜெராக்ஸ் கடைக்காரி தன்னையே ஒரு காப்பி எடுத்துக்கொண்டாள் என்று ஊர் சிரித்தது. தெருவில் எதிரே வந்தால் "ஒரிஜினலா, ஜெராக்ஸா?" என்று கேட்காமல் யாரும் விடவில்லை. ரேஷன் கடைக்காரர் கைரேகை ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான் என்று முன்ஜாக்கிரதையாகச் சொல்லி வைத்தார். பிள்ளையார் கோயில் குருக்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாக விபூதி கொடுத்தார். பூக்காரி எல்லம்மா வந்தவளுக்கு மட்டும் பூக் கொடுத்தாள், போகிறவள் தலையில் ஹெல்மெட் இருந்தது. பஸ் டிரைவர் கிளம்புமுன் வந்த வேணியைத் தேடிப்போய், மேலே பனி மூட்டமா, மரம் கிரம் விழுந்து கிடக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போனார். என் கடைக்கு வருகிற விவசாயிகள் உரத்தை விலை கேட்பதற்கு முன்னால், "வேணி நனைஞ்சு வந்துச்சுங்களா, காஞ்சு வந்துச்சுங்களா?" என்று கேட்டார்கள். அவள் நனைந்து வந்த நாளில் எனக்கு யூரியா விற்கவில்லை, அதற்காக அவளைத் திட்டவா முடியும்.

அந்தச் சமயத்தில்தான் சின்னராசு அந்த வார்த்தையைச் சொன்னார். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, நாங்கள் எல்லாரும்தான் சிரித்தோம். அன்று போகிற வேணி டீக்கடை முன்னால் ஒரு காலை ஊன்றி, "போயிட்டு வரேங்கண்ணா" என்றாள். சின்னராசு டீயை ஆற்றிக்கொண்டே, "அதான் வந்துட்டியேம்மா, உள்ளே குளிச்சிட்டிருக்கியே. இன்னும் என்ன வரேன்? போறேன்னு மட்டும் சொல்லு, போதும்" என்றார். வேணியும் சிரித்தாள். தப்பாகப் பேசுவது அவளுக்கு ஆகாது, காப்பியில் ஒரு எழுத்து மங்கினால் காசு வாங்காமல் திருப்பி எடுத்துக் கொடுக்கிறவள். "சரிங்கண்ணா, போறேன்" என்று சொல்லிவிட்டு மிதித்தாள். மறுநாளும் அப்படியே சொன்னாள். வீட்டிலும் அப்படியே சொல்ல ஆரம்பித்தாள். கறிவேப்பிலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போகிறவர்கூடப் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போகிற ஊர் இது. சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகிற பெண்கூட வாய் தவறி வரேன் என்று சொல்லிவிடுவாள். எங்கள் வாயில் வராத சொல்லை அவள் வாயில் நாங்கள்தான் வைத்தோம், கிண்டலாக வைத்தோம், வைத்துவிட்டு மறந்தும் போனோம்.

அதற்கப்புறம் அவள் முன்னால் வருகிற நேரம் நீண்டுகொண்டே போனது. முதலில் கால் மணி, பிறகு ஒரு மணி, பிறகு நாளைக்குப் போக வேண்டியவள் இன்று சாயங்காலமே வந்துவிடுவாள். வீட்டில் இரண்டு வேணிகளும் ராத்திரி ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்தார்கள், பச்சமுத்து நடுக்கூடத்தில் பாய் போட்டார்.

ஒரு சாயங்காலம் வந்த வேணிக்கு முட்டி கிழிந்திருந்தது. முன்சக்கர ரிம் ஒரு இடத்தில் உள்ளே அமுங்கியிருந்தது. பத்தாவது வளைவில் ஒரு கல், ஈர இலைக்கு அடியில் தெரியவில்லை என்றாள். நாங்கள் கூடி நின்று, மறுநாள் போகிற வேணிக்குப் பாடம் எடுத்தோம். பத்தாவது வளைவு, இலை, கல், இறங்கித் தள்ளிக்கொண்டு போ. பச்சமுத்து அவள் முட்டிக்கு முன்கூட்டியே துணி சுற்றிவிட்டார். காலையில் அவர் பஸ்ஸே பின்னால் போனது. அவள் எண்ணிப் பத்தாவது வளைவில் ஒழுங்காக இறங்கினாள், தள்ளினாள், கல் இருக்கிறதாக நினைத்த இடத்தைத் தாண்டி மறுபடி ஏறினாள். பதினோராவது வளைவு என்று அவள் எண்ணியதுதான் உண்மையில் பத்தாவது வளைவு. கீழே வளைவுப் பலகை ஒன்று மழையில் அடித்துக்கொண்டு வந்து வளைவே இல்லாத இடத்தில் கிடந்ததில் எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது. பச்சமுத்து பஸ் ஜன்னல் வழியாக அவள் விழுவதைப் பார்த்தார், ஒரு விசில் அடித்தார், பஸ் நின்றது, ஆனால் அதற்குள் அவள் எழுந்து மலைக்குமேல் போய்விட்டாள். சாயங்காலம் அமுங்கிய ரிம்மைத் தானே கட்டையில் வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். சுத்தியல் தழும்பு நிரந்தரமாக அதில் விழுந்தது. வந்தது வந்ததுதான், அதை யாரும் தடுக்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம். அதன்பிறகு அவளை ஒரிஜினலா ஜெராக்ஸா என்று கேட்பதை நிறுத்திக்கொண்டோம்.

கார்த்திகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பச்சமுத்து என் கடைக்கு வந்து, உர மூட்டைமேல் உட்கார்ந்து, ரொம்ப நேரம் விசிலை உருட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் கையிலிருந்த பழைய டயரை என் மேஜைமேல் வைத்தார். நடுப்பட்டை முழுக்கத் தேய்ந்து, உள்ளே நூல் தெரிந்தது.

"போன புதன்கிழமை புதுசா மாட்டுன டயருங்கண்ணா. ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துருக்கு."

"மலை ரோடு அப்படி."

"என் பஸ் டயரு ஒரு வருஷம் ஓடியும் இப்படித் தேயல. செயினு துருப்பிடிச்சிருக்கு. அவ முடி ஒரு சாண் நீண்டிருக்கு. நகம் வளர்ந்திருக்கு." டயரைப் புரட்டிப் போட்டார். "நரை வந்திருக்குங்கண்ணா. இங்க எங்களுக்கு ஒரு காலைப்பொழுது. அவளுக்கு அங்க மாசக்கணக்கா ஆவுது."

"எங்கே அங்கே?"

"செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம்."

செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் ரோடு கிடையாது. பஸ் அங்கே திரும்புகிறது, தார் அங்கே முடிகிறது, அதற்குமேல் காடும் பாறையும்தான். பச்சமுத்து வருஷக்கணக்காகத் தினமும் அந்த இடத்தில் இறங்கி, கை காட்டி, பஸ்ஸைத் திருப்பிவிடுகிறவர். ஆனால் வேணி அவரிடம் சொல்லியிருக்கிறாள், செக்போஸ்ட்டின் குறுக்குக் கட்டைக்கு அந்தப் பக்கம் ரோடு போகிறது, ஏறி இறங்கி ஏறி இறங்கி வழவழவென்று போகிறது, இரண்டு பக்கமும் மரங்கள் பழுத்து இலை உதிர்ந்துகொண்டே இருக்கிறது, எங்கேயும் மழை இல்லை, எதிரே வருகிறவர் ஒருவரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை என்று.

"என்னைவிட ஏழு வயசு சின்னவளாத்தான் கட்டிக்கிட்டு வந்தேன்," என்றார் பச்சமுத்து. "இந்த ஐப்பசிலயே எனக்குச் சமமா வந்துட்டா. இன்னும் ரெண்டு தடவை போனா அக்கா ஆயிடுவாங்கண்ணா. நான் என்ன பண்ண?"

போக வேண்டாம் என்று சொல்லிப் பாரும் என்றேன். சொல்லிப் பார்த்தாராம். 'பொறந்ததுலேருந்து வாசப்படி தாண்டுனா எங்க போற எங்க போறன்னுதான் கேட்டிருக்காங்க. முதல் தடவையா எனக்கே தெரியாத ஒரு இடத்துக்குப் போறேன், அதையும் நிறுத்தச் சொல்றீங்களா' என்று கேட்டாளாம். கோபமாகக் கேட்கவில்லை, கெஞ்சிக் கேட்டாளாம். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

பெரிய சவாரிக்கு முதல் நாள் ஊரே ரோட்டுக்கு வந்துவிட்டது. விடியற்காலையில் போகிறவள் முதல் நாள் காலையிலேயே வந்தாக வேண்டும், அவ்வளவு தூரம் முந்த ஆரம்பித்திருந்தாள். காலை போனது. வரவில்லை. மத்தியானம் தூறல் போட்டது. சின்னராசு டீ போடுவதை நிறுத்திவிட்டு ரோட்டோரம் நின்றார். மலையிலிருந்து இறங்கிய ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, வழியில் சைக்கிளில் ஒரு பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டோம். ஒருவரும் பார்க்கவில்லை.  இதுவரை வந்துவிட்டுப் போனாள். வராமலே போனால்?

எல்லம்மாதான் பழையதை எடுத்தாள். "நாமதான் அவ வாயில அந்தச் சொல்லைப் போட்டோம். போறேன் போறேன்னு ஒரு மாசமாச் சொல்லிட்டிருக்கா. வரேன்னு ஒரு தடவை சொன்னாளா? அப்புறம் எப்படி வருவா?" என்று சின்னராசுவைப் பார்த்துக் கேட்டாள். 

வேணி அன்றும் கடையைத் திறந்து, யாருடைய ஆதார் அட்டையையோ காப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். மெஷினின் பச்சை வெளிச்சம் அவள் மோவாயைத் தடவித் தடவிப் போனது. நாங்கள் வாசலில் கூட்டமாக நின்று, போகாதே என்றோம்.

"ஏன்?"

"நீ இன்னும் வரலைம்மா," என்றேன்.

"போகாம இருந்தாலும் வரமாட்டேன்தானேங்கண்ணா. நீங்கல்லாம் சேர்ந்து என்னை நிறுத்திட்டீங்க, அதனாலதான் வரலையோ என்னவோ." மெஷினை மூடினாள். "வரலைன்னு போகாம இருந்தா, போகாததனாலதான் வரலைன்னு ஆயிடும். அப்புறம் நான் எப்பத்தான் போறது?"

  பச்சமுத்து வீட்டுக்குப் போய், சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் போட்டுச் சங்கிலியால் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு விசில் அடித்து மலைக்குக் கிளம்பிவிட்டார். ஒற்றைச் சக்கரத்தில் சாய்ந்து நின்ற சைக்கிளை வேணி பார்த்தாள். அழவில்லை. நாங்கள் மூச்சு விட்டோம். இனி அவள் போக முடியாது, போகாதவள் வர வேண்டியதில்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று சின்னராசு அடுப்பை மறுபடி பற்ற வைத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வந்தாள்.

இறக்கத்தில் மெதுவாக, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, அது கிறீச்சிடக் கிறீச்சிட வந்தாள். தலை முழுக்க வெள்ளை. முகத்தில் வெயில் உழுத கோடுகள். எழுபது வயசுக்குக் குறையாது. சைக்கிளில் பெயிண்ட் என்பதே இல்லை, இரும்பும் கயிற்றுக் கட்டுகளும்தான். டீக்கடை முன்னால் ஒரு காலை ஊன்றி நின்று, எங்களை ஒவ்வொருவராக, பழைய கல்யாண போட்டோவைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே போனாள்.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கோம் தாயி," என்றார் சின்னராசு. சொன்ன பிறகுதான் அவளுக்கு அதைக் கேட்க வேண்டியிருக்கிறது, அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது என்பதே எங்களுக்கு உறைத்தது. எல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னாலேயே பஸ் வந்து நின்றது. பச்சமுத்து இறங்கினார், பார்த்தார், புரிந்துகொண்டார். ஆனால் அவர் முதலில் போனது அவளிடம் இல்லை. குனிந்து சைக்கிளின் முன்சக்கரத்தைத் தடவினார். ரிம்மில் அவர் சுத்தியல் தழும்பு, வெள்ளையாகத் தேய்ந்து, அப்படியே இருந்தது. பஸ்ஸுக்குள் ஏறி, கடைசி சீட்டுக்கு அடியில் பார்த்தார். அங்கேயும் பூட்டிய சங்கிலிக்குள் அதே சக்கரம், அதே தழும்பு, புதுசாக இருந்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, பூட்டைத் திறந்தார்.

அப்புறம்தான் அவர் கிழவியின் கழுத்தைப் பார்த்தார். கறுப்புக் கயிறு நைந்து சணலாகியிருந்தது, அதில் ஒரு பித்தளை விசில், தேய்ந்து தேய்ந்து விளிம்பே இல்லாமல். அவர் கை தானாகத் தன் கழுத்துக்குப் போனது. அவருடையது அங்கேயே இருந்தது.

"இத்தனை வருஷம் கழிச்சு, எப்படி வேணி வந்த?" என்று கேட்டார்.

"வரேன்னு சொல்லிட்டுப் போனேனே," என்றாள் அவள். "அதுக்காகத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு, வழி மறக்காதவளாகத் தெருவுக்குள் திரும்பினாள். வாசலில் நம் வேணி நின்றிருந்தாள். அவள் முகத்தில் பயம் இருந்தது, பயத்துக்கு அடியில் ஆசையும் இருந்தது.  கிழவி ஒதுங்கி உள்ளே போனாள். இவள் அந்தக் கால்களை, அந்த வைரம் பாய்ந்த கெண்டைச் சதையை, பார்த்துக்கொண்டே நின்றாள்.

விடிந்தது. மழை விட்டிருந்தது. தெரு முழுக்க நாங்கள் நின்றோம். பச்சமுத்து முன்சக்கரத்தைத் தானே மாட்டினார். நட்டை முறுக்கினார், சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார், செயினுக்கு எண்ணெய் விட்டார். பையில் கடலை மிட்டாய், பஞ்சர் ஒட்டுகிற பசை, சர்க்கரை மாத்திரை, ஒரு கம்பளி. பிறகு தன் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். விசில் இல்லாத அவர் கழுத்து கறுப்புக்கு நடுவில் வெளுத்த வட்டமாக இருந்தது, அதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

வேணி பெடலில் கால் வைத்தாள். "போறேங்க," என்றாள்.

பச்சமுத்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"முழுசாச் சொல்லு."

"அதான் வந்துட்டேனே. உள்ள உக்காந்து கஞ்சி குடிச்சிட்டிருக்கேனே."

"உள்ள இருக்கறவ சொல்லிட்டுப் போனேன்னு சொல்றா. நீ இன்னும் சொல்லல."  வாழ்க்கையில் அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நாங்கள் கேட்டதில்லை. "அந்தப் பக்கம் உன்னை எங்க போறன்னு யாரும் கேக்கமாட்டாங்க. சந்தோஷம். எப்ப வருவன்னும் யாரும் கேக்கமாட்டாங்க வேணி. இங்க நான் ஒருத்தன் கேக்கறேன். நீ சொல்லாமப் போனா, நேத்து வந்தவ வந்ததே இல்லைன்னு ஆயிடும். எனக்கு அவளும் இல்ல, நீயும் இல்ல. எப்ப வருவ?"

அவள் அவரைப் பார்த்தாள். ஒரு மாதமாக எங்களில் ஒருவரையும் நிறுத்திப் பார்க்காத பார்வை. இவ்வளவு நேரமும் மலைப்பக்கமாகவே இருந்த அவள் முகம் சுருங்கி, உதடு கோணி, கண் நிரம்பியது.

"போயிட்டு வரேங்க," என்றாள்.

"போயிட்டு வா," என்று சொல்லிவிட்டு, அவர் கையை எடுத்தார்.

சைக்கிள் தெருவைக் கடந்தது, டீக்கடையைக் கடந்தது, ஏற்றத்தில் சின்னதாகிக்கொண்டே போய் முதல் வளைவில் மரங்களுக்குள் மறைந்தது. நாங்கள் அசையாமல் நின்றோம். மேலே, வளைவுக்குப் பின்னாலிருந்து, ஒரு விசில் கேட்டது.

ஒரு விசில். நில்.

பச்சமுத்து வாசல்படியிலிருந்து இரண்டு அடி முன்னால் வந்தார். திரும்பி வரப்போகிறாள் என்று எல்லம்மா முணுமுணுத்தாள். காத்திருந்தோம். மரங்களிலிருந்து ராத்திரி மழை சொட்டிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, மேலே, இரண்டு விசில் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

கிழவி கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தாள்.

"அங்கதான் ஒரு தடவை நின்னேன்," என்றாள். "மரச்சந்து வழியாத் திரும்பிப் பாத்தேன். நீங்க விசில் இல்லாம வாசல்ல நின்னுட்டிருந்தீங்க. அந்த ஒரு முகத்தைத்தான் அத்தனை வருஷமும் பாத்துக்கிட்டே ஓட்டுனேன்."

பச்சமுத்து அவள் பக்கம் திரும்பவில்லை. முதல் வளைவைப் பார்த்தபடியே, அங்கே இன்னும் ஒருத்தி நின்று பார்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதுபோல, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராக நிமிர்ந்து நின்றார்.